இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இரண்டு கேபிள்: லிங்க் அக்ரிகேஷன் போடுவது எப்படி

திருப்பூர், பல்லடம் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்குள் போய்ப் பார்த்தால் நெட்வொர்க் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: முன்னால் ஆபீஸ் கட்டடம், அங்கே சர்வரும் ஒரு ஸ்விட்சும், பின்னால் கட்டிங், டெய்லரிங், செக்கிங், பேக்கிங் நடக்கிற ஷெட், அங்கே இன்னொரு ஸ்விட்ச், இரண்டையும் இணைக்க ஒரே ஒரு கேபிள். பகல் முழுக்க ஈஆர்பி என்ட்ரி, பார்கோடு பிரிண்ட், மார்க்கர் ஃபைல், கேமரா ரெக்கார்டிங், ராத்திரி பேக்கப் எல்லாமே அந்த ஒற்றைக் கேபிளில்தான் ஓடுகிறது. அது ஒருநாள் போய்விட்டால் பேக்கிங் லிஸ்ட் எடுக்க முடியாமல் ஷிப்மென்ட் வண்டி வாசலிலேயே நிற்கும், "ஏனுங்க, நெட் எப்ப வருமுங்க?" என்று சூப்பர்வைசர் முதல் முதலாளி வரைக்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு இப்படி ஒரு கம்பெனியில் 'சிஸ்டம் பார்க்கிற' வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் (தேவைப்பட்டால் நான்கு) போட்டு, அவற்றை ஒரே இணைப்பாக வேலை செய்ய வைப்பதுதான் லிங்க் அக்ரிகேஷன். செய்வதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் வரிசை மாறினால், அதாவது செட்டிங் போடும் முன்பே கேபிளைச் செருகினால், கம்பெனி நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் கை வைக்கலாம்.

இது என்ன செய்யும், என்ன செய்யாது

சும்மா இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டால் அது ஒரு வட்டம், அதாவது லூப். ஸ்விட்சில் ஸ்பேனிங் ட்ரீ (லூப்பைக் கண்டுபிடித்துத் தடுக்கிற நெறிமுறை) ஓடிக்கொண்டிருந்தால் அது ஒரு கேபிளை அடைத்து வைத்துவிடும். கேபிள் இரண்டு இருந்தாலும் வேலை செய்வது ஒன்றுதான். ஸ்பேனிங் ட்ரீ இல்லாத ஸ்விட்சாக இருந்தால் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் (எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படுபவை) சுற்றிச் சுற்றி ஓடிப் பெருகி, எல்லா விளக்குகளும் ஒன்றாக மின்னி, யாருக்கும் எதுவும் வேலை செய்யாது. லிங்க் அக்ரிகேஷன் போடும்போது இந்த இரண்டு போர்ட்டையும் ஸ்விட்ச் ஒரே போர்ட்டாகப் பார்க்கும். ஸ்பேனிங் ட்ரீக்கும் அது ஒரே போர்ட்தான், அதனால் எதையும் அடைக்காது. ஒரு கேபிள் அறுந்தால் இன்னொன்றில் எல்லாம் ஓடும்.

இதற்கான பொது விதி ஐஇஇஇ அமைப்பின் 802.3ஏடி என்ற பெயரில் 2000இல் வந்தது, 2008இல் 802.1ஏஎக்ஸ் என்ற தனி விதியாக மாறியது. இரண்டு பக்கத்து ஸ்விட்சுகளும் தங்களுக்குள் பேசி 'இந்த இரண்டு கேபிளும் ஒரே ஆளிடம்தான் போய்ச் சேருகிறது' என்று உறுதி செய்துகொள்ள எல்ஏசிபி என்ற நெறிமுறை அதில் இருக்கிறது. பெயர்கள்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறு: சிஸ்கோவில் ஈதர்சேனல் அல்லது போர்ட் சேனல், ஹெச்பி ப்ரோகர்வ் வகையில் ட்ரங்க், டிபி-லிங்க், நெட்கியர் மெனுக்களில் லேக், மைக்ரோடிக்கிலும் லினக்ஸிலும் பாண்டிங். எல்லாவற்றிலும் எல்ஏசிபி இருந்தால் வேறு வேறு பிராண்டுகளும் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளும்.

இனி, புதியவர்கள் எல்லோருக்கும் வருகிற ஒரு தவறான எதிர்பார்ப்பு. கிணற்றில் இரண்டு மோட்டார் போட்டால் தொட்டியில் தண்ணீர் இரண்டு மடங்கு விழும். அதே கணக்கை இங்கே போடாதீர்கள். ஒரு கம்ப்யூட்டரில் இருந்து சர்வருக்கு ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்தால் அது முழுக்க ஒரே கேபிளில்தான் போகும். 1 ஜிபிபிஎஸ் கேபிள் இரண்டு போட்டாலும் அந்த ஒரு காப்பியின் வேகம் நொடிக்கு 110 எம்பி சுற்றிலேயே நிற்கும். ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் இரண்டு கேபிளில் பிரிந்து போனால் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்துவிடும், அதைத் தவிர்க்கத்தான் ஒரு உரையாடலை ஒரே கேபிளில் கட்டி வைக்கிறார்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் சிலர் இந்தக் கேபிளிலும் சிலர் அந்தக் கேபிளிலும் பிரிந்து போவார்கள். முதலாளியிடம் 'ஸ்பீடு டபுள் ஆகும்' என்று சொல்லிப் பட்ஜெட் வாங்கிவிடாதீர்கள். 'ஒரு கேபிள் போனாலும் வேலை நிற்காது, கூட்டம் அதிகமான நேரத்தில் நெரிசல் குறையும்' என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை.

நமக்கு இது தேவையா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷெட்டில் 48 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்று வைத்தால் மொத்தம் 192 எம்பிபிஎஸ். ஒரு கிகாபிட் கேபிளில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால் 'கேமரா அதிகம், லைன் நிரம்பிவிட்டது' என்று யாராவது சொன்னால் உடனே நம்பாமல், அப்லிங்க் போர்ட்டின் (இரண்டு ஸ்விட்சையும் இணைக்கிற போர்ட்டின்) டிராஃபிக்கை ஸ்விட்சிலேயே பாருங்கள். கேமராவோடு சேர்த்து பேக்கப்பும் டிசைன் ஃபைல்களும் ஓடும்போதுதான் நிஜமாகவே நிரம்பும்.

இன்னொன்று. உங்கள் ஸ்விட்ச் இரண்டிலும் எஸ்எஃப்பி ப்ளஸ் போர்ட் (10 ஜிபிபிஎஸ் ஃபைபர் மாட்யூல் செருகுகிற துளை) இருந்தால், வேகத்துக்காக நான்கு கிகாபிட் கேபிளைக் கட்டுவதைவிட ஒரு 10 ஜிபிபிஎஸ் ஃபைபரைப் போடுவது மேல். அதில் ஒற்றைக் காப்பியும் வேகமாகப் போகும். இரண்டு 10 ஜிபிபிஎஸ் போட்டு அதையும் லிங்க் அக்ரிகேஷன் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. கிகாபிட் போர்ட் மட்டும்தான் இருக்கிறது, கேபிள் அறுந்தால் ஃப்ளோர் நின்றுவிடும் என்கிற நிலைமைக்குத்தான் கீழே சொல்லும் முறை முழுப் பொருத்தம்.

கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் இரண்டும் மேனேஜ்டு ஸ்விட்ச்தானா என்று பாருங்கள். செட்டிங் பக்கமே இல்லாத சாதாரண ஸ்விட்சில் இதைச் செய்யவே முடியாது. அதில் இரண்டு கேபிள் போட்டால் லூப்தான். 'ஸ்மார்ட்' என்று விற்கிற மலிவு மாடல்கள் சிலவற்றில் லேக் இருக்கும், ஆனால் எல்ஏசிபி இருக்காது, ஸ்டாட்டிக் மட்டும்தான். வாங்கும் முன் விவரத் தாளில் எல்ஏசிபி என்ற வார்த்தை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இப்படி ஒன்றாகச் சேர்த்த கேபிள்களை இனி 'கட்டு' என்றே சொல்கிறேன். ஒரு கட்டுக்குள் சேரும் போர்ட்டுகள் எல்லாம் ஒரே வேகமாகவும் ஃபுல் டூப்ளெக்ஸாகவும் இருக்க வேண்டும். விலேன் (ஒரே ஸ்விட்சை ஆபீஸ், கேமரா என்று தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) செட்டிங்கும் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கட்டின் எல்லாக் கேபிளும் ஒரே ஸ்விட்சில் இருந்து கிளம்பி ஒரே ஸ்விட்சில் முடிய வேண்டும். ஒரு கேபிளை ஆபீஸ் ஸ்விட்சிலும் இன்னொன்றை முதல் மாடி ஸ்விட்சிலும் செருகினால் சேராது. (ஸ்டாக் செய்த ஸ்விட்சுகள், எம்லேக் வசதி உள்ளவை இதற்கு விதிவிலக்கு. புதியவர்கள் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

கேபிள் விஷயத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், ஏனென்றால் பிரச்சினை அதிகம் வருவது இங்கேதான். காப்பர் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. ஆபீசும் ஷெட்டும் தனித்தனிக் கட்டடம் என்றால் தூரம் 60 மீட்டராக இருந்தாலும் ஃபைபர் போடுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் எர்த்திங் வேறு வேறாக இருக்கும், ஐப்பசி கார்த்திகை இடி மின்னலில் காப்பர் வழியாக இரண்டு பக்கத்து ஸ்விட்சும் சேர்ந்து போய்விடக்கூடும். சிங்கிள் மோட் ஃபைபரும் எல்எக்ஸ் வகை எஸ்எஃப்பியும் (ஃபைபரை ஸ்விட்சில் செருக உதவும் சின்ன மாட்யூல்) 10 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும் என்பதால் காம்பவுண்டுக்குள் தூரத்தைப் பற்றிய கவலையே இல்லை. இரண்டு ஃபைபரையும் ஒரே குழிக்குள் போடாதீர்கள். ஜேசிபி வந்து தோண்டினால் இரண்டும் ஒன்றாகத்தான் அறுபடும், பிறகு இவ்வளவு வேலை செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஒன்று தரையடியில், இன்னொன்று காம்பவுண்டு சுவரோரம் அல்லது கேபிள் ட்ரே வழியாக என்று வேறு வேறு வழியில் கொண்டு போங்கள். நூல் மில், தறிப் பட்டறை என்றால் ஸ்விட்சை மூடிய ரேக்கில் வைத்து மாதம் ஒருமுறையாவது ஊதித் துடைக்க வேண்டும், பஞ்சு போய் ஃபேனை அடைத்துவிடும்.

ஸ்டாட்டிக் வேண்டாம், எல்ஏசிபி போடுங்கள்

செட்டிங் பக்கத்தில் இரண்டு வழி காட்டும். ஸ்டாட்டிக் என்பது 'எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்காதே, இந்த இரண்டு போர்ட்டையும் சேர்த்துவிடு' என்று ஸ்விட்சுக்குச் சொல்வது. சிஸ்கோவில் இதற்கு மோட் ஆன் என்று பெயர். எல்ஏசிபியில் இரண்டு பக்கமும் பேசி ஒத்துப்போனால்தான் கட்டு உருவாகும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. ஷெட்டுக்கு ஃபைபர் போட்டு, இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைக் காப்பராக மாற்றுகிற சின்னப் பெட்டி) வைத்து, அங்கிருந்து சின்னக் காப்பர் கேபிளில் ஸ்விட்சுக்கு வருகிற அமைப்பைப் பல கம்பெனிகளில் பார்க்கலாம். நடுவில் ஃபைபர் அறுந்தாலும் கன்வர்ட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே உள்ள காப்பர் நன்றாகத்தான் இருக்கிறது, அதனால் பல கன்வர்ட்டர்களில் ஸ்விட்சின் விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருக்கும். ஸ்டாட்டிக்கில் ஸ்விட்ச் அதை நம்பிப் பாதி டிராஃபிக்கை அந்த அறுந்த பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கும். பாதிப் பேருக்கு வேலை செய்யும், பாதிப் பேருக்கு செய்யாது, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும். எல்ஏசிபியில் எதிர்ப்பக்கத்தில் இருந்து தகவல் வருவது நின்றதும் அந்தக் கேபிளை ஸ்விட்ச் தானாகவே கட்டில் இருந்து விலக்கிவிடும். மெதுவான முறையில் 30 நொடிக்கு ஒரு தகவல், 90 நொடி வராவிட்டால் விலக்கும். ஃபாஸ்ட் முறையில் நொடிக்கு ஒன்று, 3 நொடியில் விலக்கும். கன்வர்ட்டர் நடுவே இருந்து, உங்கள் ஸ்விட்சில் ஃபாஸ்ட் வசதியும் இருந்தால் அதைப் போடுங்கள்.

கன்வர்ட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில மலிவு கன்வர்ட்டர்கள் உள்ளுக்குள் இரண்டு போர்ட் ஸ்விட்சாகவே வேலை செய்யும், அவை எல்ஏசிபி தகவலை அந்தப் பக்கம் கடத்தாமல் விழுங்கிவிடும். எல்லாம் சரியாகப் போட்டும் கட்டு சேரவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். முடிந்தால் கன்வர்ட்டரைத் தூக்கிவிட்டு ஃபைபரை எஸ்எஃப்பி வழியாக நேராக ஸ்விட்சிலேயே செருகுவதுதான் நல்லது.

எல்ஏசிபியில் ஆக்டிவ், பாசிவ் என்று இரண்டு நிலை. ஆக்டிவ் பக்கம் தானாகப் பேச்சைத் தொடங்கும், பாசிவ் பக்கம் கேட்டால்தான் பதில் சொல்லும். இரண்டு பக்கமும் பாசிவ் என்றால் யாரும் தொடங்க மாட்டார்கள், கட்டும் உருவாகாது. இரண்டு பக்கமும் ஆக்டிவ் வைத்துவிடுங்கள், குழப்பமே இல்லை. ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆக்டிவ் என்பதும் சேராது.

செய்முறை

சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகையை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஸ்விட்சில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற பழைய அப்லிங்க் 24ஆம் போர்ட்டில் இருக்கிறது, புதிய கட்டுக்கு 21, 22 இரண்டும் காலியாக இருக்கின்றன, விலேன்கள் 10 ஆபீஸ், 20 ஃப்ளோர், 30 கேமரா என்று வைத்துக்கொள்வோம். பழைய கேபிளைத் தொடாமல் பக்கத்திலேயே புதிய கட்டைத் தயார் செய்வதுதான் இந்த முறையின் வசதி. செட்டிங் போடும்போது யாருக்கும் எதுவும் நிற்காது, கடைசியில் மாற்றிவிடும்போது மட்டும் சில நொடி தடங்கல் வரலாம். அதனால் ஷிப்ட் மாறுகிற நேரமோ ஞாயிற்றுக்கிழமையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கன்சோல் கேபிள் ஒன்று கையில் இருக்கட்டும்.

முதல் வேலை, இரண்டு ஸ்விட்சிலும் இப்போதைய செட்டிங்கை ஒரு காப்பி எடுத்து வைப்பது. அடுத்து தூரத்தில் இருக்கிற ஷெட் ஸ்விட்சில் தொடங்குங்கள். ஆபீசில் ஏதாவது கோளாறானால் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், ஷெட்டில் ஆனால் ஓட வேண்டும். கேபிள் இன்னும் செருகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு இவற்றை அடியுங்கள்:

டிஃபால்ட் இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 1/0/21 - 22
இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 1/0/21 - 22
ஷட்டவுன்
சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்
எக்ஸிட்
இன்டர்ஃபேஸ் போர்ட்-சேனல் 1
ஸ்விட்ச்போர்ட் மோட் ட்ரங்க்
ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலேன் 10,20,30
எண்ட்

முதல் வரி, அந்தப் போர்ட்டில் யாரோ முன்பு போட்டு வைத்த பழைய செட்டிங்கைத் துடைக்கிறது. இதை விட்டுவிட்டு, ஒரு போர்ட்டில் மட்டும் பழைய விலேன் ஒட்டிக்கொண்டிருந்து கட்டு சேராமல் முழிப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் ஐபி வேறொரு விலேனில் இருந்தால் அந்த எண்ணையும் அலவுட் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பழைய கேபிளைப் பிடுங்கியதும் ஷெட் ஸ்விட்சுக்குள் நுழையவே முடியாது. சில பழைய மாடல்கள் ட்ரங்க் போடும் முன் டாட்1க்யூ என்கேப்சுலேஷன் கேட்கும், கேட்டால் கொடுங்கள்.

இதே வரிகளை ஆபீஸ் ஸ்விட்சிலும் அடியுங்கள். குரூப் எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அது அந்தந்த ஸ்விட்சின் உள் கணக்கு. இருந்தாலும் ஒன்றாகவே வைத்தால் பின்னால் பார்க்கிறவருக்கு எளிது.

இனி கேபிள். ஸ்பேனிங் ட்ரீ இரண்டு ஸ்விட்சிலும் ஓடுகிறதா என்று 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ' போட்டுப் பாருங்கள். ஓடுகிறது என்றால் இரண்டு கேபிளையும் 21க்கு 21, 22க்கு 22 என்று செருகிவிட்டு, முதலில் ஷெட்டிலும் பிறகு ஆபீசிலும் அந்தப் போர்ட்டுகளுக்கு 'நோ ஷட்டவுன்' கொடுங்கள். போர்ட்-சேனலும் ஷட்டவுனில் இருந்தால் அதற்கும் கொடுக்க வேண்டும். பழைய கேபிளும் புதிய கட்டும் சேர்ந்து வட்டமானாலும் ஸ்பேனிங் ட்ரீ ஒன்றை அடைத்து வைக்கும். சிஸ்கோவின் பழைய கணக்கில் ஒற்றை கிகாபிட்டுக்கு காஸ்ட் 4, இரண்டு சேர்ந்த கட்டுக்கு 3, காஸ்ட் குறைந்த வழிதான் திறந்திருக்கும், அதனால் சாதாரணமாகப் பழையதுதான் அடைபடும். ஸ்பேனிங் ட்ரீ ஓடுகிறதா என்பதில் சந்தேகம் இருந்தால் இந்த வசதியே வேண்டாம். முதலில் 24இல் இருக்கிற பழைய கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்புறம் 'நோ ஷட்டவுன்' கொடுங்கள். ஒரு நிமிடம் நெட் நிற்பது பரவாயில்லை, லூப் ஆனால் அன்றைய வேலையே போய்விடும்.

சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பது

'ஷோ ஈதர்சேனல் சம்மரி' என்று அடியுங்கள். போர்ட்-சேனலுக்குப் பக்கத்தில் எஸ், யூ என்று இரண்டு பெரிய எழுத்துகளும், 21, 22 இரண்டுக்கும் பக்கத்தில் பி என்ற எழுத்தும் இருந்தால் கட்டு நன்றாக இருக்கிறது. ஒரு போர்ட்டில் சின்ன எஸ் இருந்தால் அது ஒத்துப்போகாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஐ என்றால் தனியாக நிற்கிறது, எதிர்ப்பக்கம் எல்ஏசிபி பேசவில்லை. பெரிய டி என்றால் லிங்க்கே இல்லை, கேபிளைப் பாருங்கள். 'ஷோ எல்ஏசிபி நெய்பர்' போட்டால் எதிர்ப்பக்கத்து ஸ்விட்சின் மேக் அட்ரஸ் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) தெரியும். இரண்டு போர்ட்டிலும் ஒரே மேக் வர வேண்டும், வேறு வேறாக வந்தால் ஒரு கேபிள் வேறு ஸ்விட்சுக்குப் போயிருக்கிறது.

எல்லாம் சரி என்றால் பழைய 24ஆம் கேபிளைப் பிடுங்குங்கள். ஃப்ளோரில் ஈஆர்பி திறக்கிறதா, கேமரா தெரிகிறதா, பார்கோடு பிரிண்டர் பதில் சொல்கிறதா என்று ஒவ்வொரு விலேனிலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து பிடுங்கிப் பார்க்கும் சோதனை. இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று கிளம்பக் கூடாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்து ஷெட்டில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குத் தொடர்ந்து பிங் ஓட விட்டு, 21ஆம் கேபிளைப் பிடுங்குங்கள். ஒன்றிரண்டு பிங் தவறலாம், அல்லது எதுவுமே தவறாமல் போகலாம். எதுவும் தவறவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த பிங் 22ஆம் கேபிளில் போய்க்கொண்டிருந்தால் 21ஐப் பிடுங்கினாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. 21ஐத் திரும்பச் செருகி, கட்டில் சேர்ந்துவிட்டது என்று பார்த்த பிறகு 22ஐப் பிடுங்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால்தான் இரண்டு கேபிளும் தனியாக நின்று வேலை செய்யும் என்று சொல்ல முடியும்.

கடைசியாக இரண்டு ஸ்விட்சிலும் செட்டிங்கை சேவ் செய்யுங்கள், 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்'. மாதாந்திர மின்தடை அன்று ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் ஸ்விட்ச் அணைந்து மறுபடி ஆன் ஆனால் சேவ் செய்யாதது எல்லாம் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் சேவ் ஆகியிருந்தால் இன்னும் மோசம், ஒரு பக்கம் கட்டு, மறுபக்கம் தனித்தனிப் போர்ட் என்று நிற்கும். எல்ஏசிபி போட்டிருந்தால் அப்போதும் ஓரளவு தப்பிக்கலாம், ஸ்டாட்டிக்கில் லூப் வரைக்கும் போகும்.

வேறு பிராண்டுகளில்

ஹெச்பி ப்ரோகர்வ் வழி வந்த ஸ்விட்சுகளில் 'ட்ரங்க் 21-22 டிஆர்கே1 எல்ஏசிபி' என்ற ஒரே வரி போதும், பிறகு விலேன்களில் டேக் போடும்போது போர்ட் எண்ணுக்குப் பதில் டிஆர்கே1 என்று கொடுக்க வேண்டும். சிஸ்கோவில் ட்ரங்க் என்றால் பல விலேன்களைச் சுமக்கிற போர்ட், இங்கே கேபிள் கட்டு. இரண்டு பிராண்டும் கலந்திருக்கிற கம்பெனியில் போனில் பேசி வேலை செய்யும்போது இதில் கவனம் வேண்டும்.

வெப் பக்கம் உள்ள ஸ்விட்சுகளில் லேக் பக்கத்துக்குப் போய் வகையை எல்ஏசிபி என்று மாற்றி, போர்ட்டுகளைத் தேர்ந்தெடுத்து, பிறகு விலேன் பக்கத்தில் அந்த லேக்குக்கு டேக் போட வேண்டும். பல மாடல்களில் அப்ளை வேறு, சேவ் வேறு, இரண்டையும் அழுத்துங்கள்.

மைக்ரோடிக்கில் முதலில் அந்த இரண்டு போர்ட்டையும் பிரிட்ஜில் இருந்து எடுத்துவிட்டு, பாண்டிங் இன்டர்ஃபேஸ் உருவாக்கி, அந்த பாண்டிங்கைப் பிரிட்ஜில் சேர்க்க வேண்டும். அங்கே மோட் என்பது சும்மா விட்டால் பேலன்ஸ்-ஆர்ஆர் என்று இருக்கும். அதை 802.3ஏடி என்று மாற்றினால்தான் எல்ஏசிபி.

எந்தப் பாக்கெட் எந்தக் கேபிளில்?

கட்டு சேர்ந்த பிறகும் ஒரு கேபிள் நிரம்பி வழிய, இன்னொன்று சும்மா கிடப்பதைப் பார்ப்பீர்கள். எந்தக் கேபிளில் அனுப்புவது என்பதை ஸ்விட்ச் அட்ரஸ்களை வைத்து ஒரு கணக்குப் போட்டு முடிவு செய்கிறது, எந்தக் கேபிள் காலியாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எளிமையாகச் சொன்னால், அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவரின் ஐபி கடைசி எண்களும் இரண்டுமே ஒற்றை அல்லது இரண்டுமே இரட்டை என்றால் முதல் கேபிள், ஒன்று ஒற்றை மற்றது இரட்டை என்றால் இரண்டாவது கேபிள். சர்வர் 5 என்று முடிந்தால், 21 என்று முடியும் கம்ப்யூட்டருக்கு முதல் கேபிள், 22க்கு இரண்டாவது.

கேட்டலிஸ்ட் 2960 போன்றவற்றில் சும்மா விட்டால் அனுப்புகிறவரின் மேக் அட்ரஸை மட்டும் வைத்து இந்தக் கணக்கு நடக்கும். சர்வரும் ஃப்ளோரும் வேறு வேறு விலேனில் இருந்து, நடுவில் ரவுட்டர் இருந்தால், ஷெட்டுக்குப் போகிற பாக்கெட் எல்லாமே ரவுட்டரின் ஒரே மேக் அட்ரஸோடு வரும், எல்லாமே ஒரே கேபிளில் போய்விடும். 'போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் எஸ்ஆர்சி-டிஎஸ்டி-ஐபி' என்று மாற்றிவிட்டால் பரவலாகப் பிரியும். இது ஸ்விட்ச் முழுமைக்கும் பொதுவான கட்டளை, அதோடு ஒவ்வொரு ஸ்விட்சும் தான் அனுப்புவதை மட்டும்தான் பிரிக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். பழைய கேட்டலிஸ்ட்களில் மொத்தத்தை எட்டுப் பங்காகப் போட்டுப் பிரிப்பதால் மூன்று கேபிள் போட்டால் 3, 3, 2 என்றுதான் பிரியும். இரண்டோ நான்கோ போடுங்கள்.

பின்னால் வரும் கோளாறுகள்

கட்டு உருவான பிறகு விலேன் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் போர்ட்-சேனலில்தான் செய்ய வேண்டும். யாராவது 21இல் மட்டும் நுழைந்து ஒரு விலேனைச் சேர்த்தால் அந்தப் போர்ட் ஒத்துப்போகாமல் வெளியே போய்விடும். அப்லிங்க் போர்ட்டில் பிபிடியூ கார்டு (இன்னொரு ஸ்விட்ச் வந்து சேர்ந்தால் போர்ட்டை மூடிவிடும் காவல்) போட்டிருந்தால் எதிர்ப்பக்கத்து ஸ்விட்சைப் பார்த்ததும் போர்ட் எரர்-டிசேபிள் ஆகும், அதை எடுத்துவிடுங்கள்.

மிகவும் அலைய வைக்கிற கோளாறு ஒன்று உண்டு. ஒரு கேபிள் அறவில்லை, ஆனால் கனெக்டர் லூசாகி பாக்கெட்டுகளைக் கெடுக்கிறது. லிங்க் இருக்கிறது, எல்ஏசிபி தகவலும் அவ்வப்போது கடந்துவிடுகிறது, அதனால் ஸ்விட்ச் அந்தக் கேபிளை விலக்காது. செக்கிங் டேபிளில் ஒருவருக்கு ஈஆர்பி இழுக்கும், பக்கத்து டேபிளில் பறக்கும். கம்ப்யூட்டரை மாற்றுவார்கள், விண்டோஸ் போடுவார்கள், சரியாகாது. ஒரே இடத்தில் சிலருக்கு மட்டும் எப்போதும் மெதுவாக இருக்கிறது என்று கேள்விப்பட்டால் முதலில் கட்டில் உள்ள ஒவ்வொரு போர்ட்டிலும் 'ஷோ இன்டர்ஃபேஸ்' போட்டு சிஆர்சி எண்ணிக்கையை (கெட்டுப்போய் வந்த பாக்கெட்டுகளின் கணக்கு) பாருங்கள். 'கிளியர் கவுன்டர்ஸ்' கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கும்போது ஒரு போர்ட்டில் மட்டும் எண் ஏறியிருந்தால் கேபிள் அதுதான். அந்த ஒரு போர்ட்டை ஷட்டவுன் செய்துவிட்டு, மற்றதில் வேலையை ஓட விட்டு, நிதானமாகக் கனெக்டரை மாற்றலாம்.

ஒரு கேபிள் எப்போது போனது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் ஒற்றைக் கேபிளில் ஓடுகிற கட்டுகளும் உண்டு, ஏனென்றால் வேலை நிற்காததால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஸ்விட்சில் மெயில் அல்லது எஸ்என்எம்பி எச்சரிக்கை வசதி இருந்தால் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை, மின்தடை முடிந்து எல்லாம் மேலே வந்ததும், 'ஷோ ஈதர்சேனல் சம்மரி' போட்டு இரண்டு பி இருக்கிறதா என்று எண்ணுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் 'ஷெட் கட்டு 1, போர்ட் 21' என்று லேபிள் ஒட்டி, ரேக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஏதோ வேலைக்கு ரேக்கைத் திறக்கும்போது அது உதவும்.

எப்போதாவது இந்தக் கட்டைப் பிரிக்க நேர்ந்தால், ஸ்பேனிங் ட்ரீ ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டு, போட்டபோது செய்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: பழைய ஒற்றைக் கேபிளை 24இல் செருகி அது மேலே வந்ததும், 21, 22 இரண்டையும் இரண்டு பக்கமும் ஷட்டவுன் செய்து, கேபிளைக் கையால் உருவி எடுத்த பிறகுதான் சேனல்-குரூப் வரியை நீக்க வேண்டும்.